வீட்டுச் சூழலுக்கு மதிப்பெண் போடாதீர்கள்: பள்ளிக் கல்வி வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

வாரியத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

மூன்றாம் வகுப்பை முடிக்கும் ஒவ்வொரு குழந்தையையும் ஒரு தேர்வையும் ஒரு படிவத்தையும் வைத்து இரண்டு பிரிவுகளில் ஒன்றில் சேர்க்க வேண்டும் என்று நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை சென்ற வாரம் எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தது. தேர்வைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இந்த மடலை எழுத வைத்தது அந்தப் படிவம்தான். பெற்றோர் எதுவரை படித்திருக்கிறார்கள், வீட்டில் எத்தனை புத்தகங்கள் இருக்கின்றன, படிக்கத் தனி இடம் உண்டா, வீட்டுப்பாடத்துக்கு உதவ ஆள் உண்டா என்று வரிசையாகக் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு மதிப்பெண் கொடுத்து, அதைத் தேர்வு மதிப்பெண்ணோடு கூட்டி, தொகை குறைவாக வரும் குழந்தைகளைப் பாடம் குறைக்கப்பட்ட பிரிவில் உட்கார வைக்கச் சொல்கிறீர்கள். எட்டு வயதுக் குழந்தை, தான் தவறாக எழுதிய விடைக்காக மட்டுமின்றி, தன் தாய் பள்ளிக்கூடம் போகாததற்காகவும் மதிப்பெண் இழக்கப் போகிறது. அந்தப் படிவத்தை நிரப்பித் தரும் வேலையை எங்களிடம் கொடுத்திருக்கிறீர்கள். நான் அதை நிரப்பவில்லை. ஏன் நிரப்பவில்லை என்பதை உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

22 ஆண்டுகளாகத் தொடக்க வகுப்புகளில் பாடம் நடத்துகிறேன். அதற்கு முன், இந்தப் படிவத்தில் ஏறத்தாழ ஒன்றுமே பெற்றிருக்க முடியாத ஒரு வீட்டிலிருந்து பள்ளிக்குப் போன குழந்தையாக இருந்தேன். ஆனாலும் என் சொந்தப் பிறப்பை எனக்கு ஆதரவான சான்றாக வைக்க விரும்பவில்லை. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்து ஆசிரியரானவர்களைச் சுட்டிக்காட்டி, முயன்றால் எல்லோராலும் முடியும் என்று முடித்துவிடுவது மிக எளிது. என்னோடு ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது முடியவில்லை. அவர்கள் என்னைவிட எந்த வகையிலும் அறிவில் குறைந்தவர்களாக இருக்கவில்லை.

முதலில் என் தவறைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் படிவம் செய்யப் போவதை நான் தனியாளாக ஒரு முறை செய்திருக்கிறேன். ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில் என் வகுப்பில் ஒரு சிறுமி வாரத்தில் மூன்று நாளாவது முதல் பாடவேளை முடிந்த பிறகே வருவாள். வீட்டுப்பாடம் பாதியில் நிற்கும். அவளுடைய முன்னேற்ற அறிக்கையில் ‘வீட்டில் படிப்பில் அக்கறை இல்லை’ என்று எழுதி, பெற்றோர் கையொப்பம் வாங்கி வரச் சொல்லி அனுப்பினேன். அவளுடைய அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியாது. அந்த வரியை அந்தச் சிறுமிதான் தன் அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். மறுநாள் காலை அந்த அம்மா பள்ளி வாசலில் நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. விடியுமுன் வேலைக்குப் போய்விடுவதாகவும், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் வரும்வரை மகள் வீட்டில் இருக்க வேண்டியிருப்பதாகவும், இருந்தாலும் ஒரு நாள்கூடப் பள்ளியை விட்டுவிடக் கூடாது என்பதற்காகத் தாமதமானாலும் அனுப்பிவிடச் சொல்லியிருப்பதாகவும் மிக மெல்லிய குரலில் சொன்னார். வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த ஆண்டில் அந்தச் சிறுமி ஒரு நாள்கூட விடுப்பு எடுத்திருக்கவில்லை. எந்தத் தாமதத்தை அக்கறையின்மைக்குச் சான்றாக எழுதினேனோ, அந்தத் தாமதம்தான் அந்த வீட்டின் அக்கறையாக இருந்தது. உங்கள் படிவத்தில் இதைப் பதிவு செய்ய ஒரு கட்டம்கூட இல்லை. ‘வீட்டுப்பாடத்துக்கு உதவ ஆள் உண்டா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று குறித்துவிட்டு அடுத்த குழந்தைக்குப் போயிருப்பேன்.

வீட்டின் பண்பாடு பிள்ளையின் படிப்பைப் பாதிக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. நாள்தோறும் வகுப்பில் காண்கிறேன். அது எப்படிப் பாதிக்கிறது என்பதில்தான் உங்களோடு முரண்படுகிறேன். சில வீடுகளில் ஏதோ ஒன்று குறைகிறது, அந்தக் குறையைக் குழந்தை சுமந்துகொண்டு வருகிறது என்று சுற்றறிக்கை கருதுகிறது. நான் பார்த்தவரை, பள்ளி ஒரு குறிப்பிட்ட வகை வீட்டின் பேச்சையும் பழக்கத்தையும் பொதுவானது என்று எடுத்துக்கொண்டு, அந்தப் பழக்கம் இல்லாத குழந்தைக்கு அதைக் கற்றுக் கொடுக்காமலேயே அதில் தேர்வு வைக்கிறது.

ஒரு சிறுவனைப் பற்றிச் சொன்னால் இது விளங்கும். முதல் வகுப்பில் ஒரு பந்தின் படத்தைக் காட்டி, இது என்ன நிறம் என்று கேட்டேன். பேசாமல் நின்றான். மூன்று நாள் கேட்டும் அதே மௌனம். ‘நிறங்கள் தெரியவில்லை’ என்று என் குறிப்பேட்டில் எழுதினேன். அந்த வாரமே விளையாட்டு நேரத்தில், ‘அந்தச் சிவப்புப் பந்தை எடுத்துட்டு வாடா, மஞ்சள் வேண்டாம்’ என்று அவன் இன்னொருவனை ஏவுவதைக் கேட்டேன். அருகில் அழைத்து, நான் கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ‘உங்களுக்குத்தான் தெரியுமே, டீச்சர்’ என்றான். அவனுடைய வீட்டில் ஒருவர் கேள்வி கேட்கிறார் என்றால் அவருக்கு விடை தெரியவில்லை என்று பொருள். விடை தெரிந்துகொண்டே கேட்பது அவனுக்குப் புரியாத விளையாட்டாக இருந்தது. வேறு வீடுகளிலோ, குழந்தை மழலை பேசும் பருவத்திலேயே மூக்கு எங்கே, காது எங்கே, இது என்ன நிறம் என்று பெரியவர்கள் கேட்டுக்கேட்டு, ஆசிரியர் கேட்கும் கேள்விகளுக்கு ஆயத்தமாக்கிவிடுகிறார்கள். இரண்டு வீடுகளிலும் அன்பு உண்டு, பேச்சு உண்டு. ஒரு வீட்டின் பேச்சு பள்ளியின் பேச்சைப் போல இருக்கிறது, அவ்வளவுதான்.

இதை நான் மட்டும் கண்டதாகச் சொல்லவில்லை. ஷெர்லி பிரைஸ் ஹீத் என்ற ஆய்வாளர் 1970களில் அமெரிக்காவின் கரோலினா பகுதியில் பல ஆண்டுகள் குடும்பங்களோடு பழகி, வீட்டில் கேட்கப்படும் கேள்விகளையும் வகுப்பில் கேட்கப்படும் கேள்விகளையும் ஒப்பிட்டார். கறுப்பினத் தொழிலாளர் குடும்பங்களில் பெரியவர்கள் தமக்கு விடை தெரிந்த கேள்விகளைக் குழந்தைகளிடம் அரிதாகவே கேட்டார்கள். இது எதைப் போல இருக்கிறது, அப்புறம் என்ன நடந்தது என்ற வகையில்தான் கேட்டார்கள். வகுப்பில் வாய் திறக்காதவர்கள் என்று கருதப்பட்ட அந்தக் குழந்தைகளுக்கு, அவர்களுக்குப் பழகிய இடங்களின் படங்களைக் காட்டி, அவர்களுக்குப் பழகிய வகையில் கேள்வி கேட்ட ஆசிரியர்கள் உற்சாகமான பதில்களைப் பெற்றார்கள். அதிலிருந்து தொடங்கிப் பள்ளியின் கேள்வி முறையையும் படிப்படியாகக் கற்பிக்க முடிந்தது. குழந்தைகளை வேறு அறைக்கு மாற்ற வேண்டிய தேவை எழவில்லை.

கணக்கிலும் இதுவே நடக்கிறது. பிரேசிலின் ரெசீஃபி நகரத் தெருக்களில் பொருள் விற்கும் 9 முதல் 15 வயது வரையிலான ஐந்து பிள்ளைகளைப் பற்றி 1985இல் வெளியான ஆய்வு கல்வித்துறையில் பரவலாக அறியப்பட்டது. வியாபாரத்தின் நடுவில் கேட்கப்பட்ட கணக்குகளில் அவர்கள் 98 விழுக்காட்டுக்குச் சரியான விடை சொன்னார்கள். அதே கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் எழுதிக் கொடுத்தபோது 37 விழுக்காட்டுக்கு மட்டுமே சரியாகச் செய்தார்கள். 35 க்ருசெய்ரோ (அன்றைய பிரேசில் நாணயம்) விலையுள்ள தேங்காய் நான்கு என்ன விலை என்று கேட்டபோது மனக்கணக்காக 140 என்று சொன்ன 12 வயதுச் சிறுவன், 35ஐ நான்கால் பெருக்கு என்று தாளில் கொடுத்ததும் 200 என்று எழுதினான். உங்கள் தேர்வு அந்தச் சிறுவனின் 200ஐ மட்டும்தான் பார்க்கும். அவனுக்கு 140 தெரியும் என்பதையும், மனக்கணக்கிலிருந்து தாளுக்குப் போகும் வழியை அவனுக்கு யாரும் காட்டவில்லை என்பதையும் அது பார்க்காது. அந்த வழியைக் காட்டுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

சுற்றறிக்கையின் முன்னுரை இரண்டு ஆய்வுகளைத் துணைக்கு அழைக்கிறது. ஏழைக் குழந்தைகள் பள்ளிக்கு வருமுன்பே, வசதியான வீட்டுக் குழந்தைகளைவிட மூன்று கோடிச் சொற்களைக் குறைவாகக் கேட்டிருக்கிறார்கள் என்பது ஒன்று. 1995இல் வெளியான அந்த ஆய்வு 42 குடும்பங்களைப் பார்த்தது; அவற்றில் அரசு உதவித்தொகையில் வாழ்ந்த மிக ஏழைக் குடும்பங்கள் ஆறு மட்டுமே. தாயோ தந்தையோ குழந்தையை நோக்கிப் பேசியதை மட்டும் எண்ணாமல், சுற்றியிருக்கும் பாட்டி, அண்ணன், அக்கா, அக்கம்பக்கத்தார் பேச்சையும் சேர்த்து எண்ணிய வேறு ஆய்வாளர்கள் 2018இல் அந்த இடைவெளி அப்படியே மீண்டும் கிடைக்கவில்லை என்றும், ஒரே பொருளாதார நிலையில் உள்ள குடும்பங்களுக்குள்ளேயே பெரும் வேறுபாடு இருக்கிறது என்றும் காட்டினார்கள். ஆறு வீடுகளில் எண்ணிய சொற்களைக் கொண்டு ஒரு தலைமுறைக் குழந்தைகளைப் பிரிக்கக் கூடாது.

இரண்டாவது, நீங்கள் பாதியை மட்டும் எடுத்துக்கொண்ட ஆய்வு. ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் ஏறத்தாழ ஆறு லட்சம் மாணவர்களை ஆராய்ந்து 1966இல் அமெரிக்காவில் வெளியான அறிக்கை, மாணவரின் கற்றல் அடைவோடு பள்ளிக் கட்டடம், செலவு ஆகியவற்றைவிடக் குடும்பப் பின்னணியே நெருங்கிய தொடர்புடையது என்று கண்டது உண்மை. இதிலிருந்து பள்ளியால் பெரிதாக எதுவும் செய்ய இயலாது என்ற முடிவுக்கு நீங்கள் வந்திருக்கிறீர்கள். அதே அறிக்கை இன்னும் இரண்டு செய்திகளைச் சொன்னது. நல்ல ஆசிரியரும் நல்ல பள்ளியும் வசதியான குழந்தையைவிட வசதியற்ற குழந்தைக்கே கூடுதல் வேறுபாட்டை உண்டாக்குகின்றன என்பது முதலாவது. ஒரு குழந்தையின் அடைவு, உடன் படிக்கும் பிள்ளைகள் எத்தகைய பின்னணியிலிருந்து வருகிறார்கள் என்பதோடும் வலுவாகத் தொடர்புடையது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் படித்துவிட்டு, உதவி குறைந்த வீட்டுக் குழந்தைகளை எல்லாம் ஒரே அறையில் சேர்த்து வைக்க எப்படி முடிவெடுத்தீர்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. குடும்பம் தரும் சாதகத்தை அவர்களுக்கு ஏற்கெனவே வாழ்க்கை மறுத்துவிட்டது. சக மாணவரால் கிடைக்கும் சாதகத்தை இப்போது நாம் மறுக்கப் போகிறோம்.

வறுமையை வெறும் பண்பாட்டு வேறுபாடு என்று மெழுகிவிடுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். பசியோடு வரும் குழந்தைக்குப் பத்து மணிக்கு மேல் எதுவும் காதில் ஏறாது. கரும்பலகை தெரியாமல் இரண்டு ஆண்டுகள் பின்தங்கியிருந்த ஒருவனுக்குத் தேவைப்பட்டது கண்ணாடி மட்டும்தான் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஓர் ஆண்டு ஆனது. வாடகை கொடுக்க முடியாமல் வீடு மாறும் குடும்பத்தின் பிள்ளை ஒரே ஆண்டில் மூன்று பள்ளிகளில் படிக்கிறது. இவை பணத்தின் பிரச்சினைகள், பணத்தால் தீரக்கூடியவை. ‘வீட்டுச் சூழல்’ என்ற ஒரே சொல்லில் இவற்றையும் பேச்சுப் பழக்கத்தையும் புத்தக எண்ணிக்கையையும் சேர்த்துக் கட்டிவிட்டதால், உணவும் கண்ணாடியும் கொடுத்தால் தீர்ந்துவிடும் சிக்கல்கூட ஏதோ குடும்பத்தின் குணக்குறையைப் போல உங்கள் படிவத்தில் தெரிகிறது.

பள்ளிக்கு வராத பெற்றோரைப் பற்றியும் ஒரு கேள்வி படிவத்தில் இருக்கிறது: கடந்த ஓராண்டில் எத்தனை பெற்றோர் கூட்டங்களில் கலந்துகொண்டார்கள்? கூட்டங்களை நாம் வேலை நாளில் முற்பகல் 11 மணிக்கு வைக்கிறோம். மாதச் சம்பளக்காரர் ஒரு மணி நேர அனுமதி பெற்று வருகிறார். நாட்கூலிக்காரர் ஒரு நாள் கூலியை இழந்து வர வேண்டும். வந்தவரும் பேசுவதில்லை. ஆசிரியருக்கு எல்லாம் தெரியும், நாம் குறுக்கே பேசக் கூடாது என்று மரியாதையின் பொருட்டு ஒதுங்கி நிற்கிறார். படித்த பெற்றோரோ, தம் பிள்ளைக்கு இடம் மாற்றித் தர வேண்டும், இந்த மதிப்பெண்ணை மறுபடி பார்க்க வேண்டும் என்று உரிமையோடு கேட்கிறார்கள், பெறுகிறார்கள், அப்படிக் கேட்பதைத் தம் பிள்ளைகளுக்கும் கற்றுக் கொடுக்கிறார்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் அனெட் லரோ 9, 10 வயதுக் குழந்தைகளின் குடும்பங்களை அருகிலிருந்து கவனித்து 2003இல் இதைத்தான் விரிவாக எழுதினார். என் அம்மா ஒரு முறைகூட என் பள்ளிக்குள் வந்ததில்லை. வேலைக்குப் போகும் உடையில் வந்தால் எனக்குத் தலைகுனிவாகும் என்று நினைத்ததாக, நான் ஆசிரியரான பிறகு ஒரு நாள் சொன்னார். அந்த நினைப்புக்கு நீங்கள் எத்தனை மதிப்பெண் குறைப்பீர்கள்?

வீட்டுப்பாடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வண்ணத்தாளும் அச்சிட்ட படங்களும் ஒட்டி, இணையத்தில் தேடி எழுதி வரச் சொல்லும் செயல்திட்டங்களை மூன்றாம் வகுப்பிலேயே கொடுக்கிறோம். அவற்றில் பாதி பெற்றோர் செய்தவை என்பது எல்லா ஆசிரியருக்கும் தெரியும். பெற்றோரின் ஓய்வு நேரத்துக்கும் படிப்புக்கும் மதிப்பெண் போட்டு, அதைக் குழந்தையின் பெயரில் பதிவு செய்கிறோம். பள்ளி தான் கற்றுக் கொடுக்காததை எல்லோரிடமும் எதிர்பார்ப்பதன் மூலம் வீட்டின் சொத்தைக் குழந்தையின் தகுதியாக மாற்றிக் காட்டுகிறது என்று சமூகவியலாளர்கள் பியர் பூர்தியூவும் ழான்-குளோத் பாஸ்ரோனும் பிரான்சில் 1960களிலேயே வாதிட்டார்கள். அவர்களுடைய எல்லா முடிவுகளையும் நான் ஏற்பதில்லை. ஒரு நல்ல ஆசிரியர் எவ்வளவு தூரம் மாற்ற முடியும் என்பதை அவர்கள் குறைத்து மதிப்பிட்டார்கள் என்றே எண்ணுகிறேன். ஆனால் இந்த ஒன்றில் அவர்கள் சொன்னது என் வகுப்பறையில் ஒவ்வொரு வாரமும் மெய்ப்படுகிறது.

கலந்த வகுப்பில் பாடம் நடத்துவது கடினம் என்று என் சக ஆசிரியர்கள் சிலர் உங்களிடம் முறையிட்டிருப்பார்கள். அவர்கள் சொல்வது உண்மை. சரளமாக வாசிக்கும் பிள்ளையும் எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளையும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஒருவரே நின்று 40 பேரையும் கவனிப்பது பல நாள்களில் என்னாலும் இயலாமல் போகிறது. அதற்கு இன்னொரு ஆசிரியர் வேண்டும். பிரித்துவிட்டால் கற்பித்தல் எளிதாகும் என்பதும் சில மாதங்களுக்குத்தான். ‘மெல்லக் கற்போர்’ என்று ஒரு பெஞ்சை ஒதுக்கி வைத்த ஒரு பள்ளியில் நான் பணியாற்றியிருக்கிறேன். இரண்டாவது வாரத்திலேயே அந்தப் பெஞ்சின் பொருள் எல்லாக் குழந்தைகளுக்கும் தெரிந்துவிட்டது. அங்கே உட்கார்ந்தவர்கள் கை தூக்குவதை நிறுத்தினார்கள். அனுபவம் குறைந்த ஆசிரியரையே அவர்களுக்கு அனுப்பினார்கள். எளிய பாடம் மட்டுமே கிடைத்ததால் ஆண்டு முடிவில் மற்றவர்களோடு இருந்த தூரம் கூடியது. அந்தத் தூரத்தையே காட்டி, பிரித்தது சரிதான் என்றார்கள்.

பின்லாந்தில் ஒரு காலத்தில் 11 வயதை ஒட்டிக் குழந்தைகளை இரு வழிகளாகப் பிரித்தார்கள். 1972 முதல் 1977 வரை பகுதி பகுதியாக அந்த முறையைக் கைவிட்டு, 16 வயது வரை அனைவருக்கும் பொதுவான ஒன்பது ஆண்டுப் பள்ளியைக் கொண்டுவந்தார்கள். தந்தையின் வருமானத்துக்கும் மகனின் வருமானத்துக்கும் இடையிலான பிணைப்பு அந்தச் சீர்திருத்தத்துக்குப் பின் தளர்ந்ததைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. 11 வயதே மிகவும் முன்கூட்டியது என்று ஒரு நாடு முடிவு செய்து அரை நூற்றாண்டு ஆகிறது. நீங்கள் எட்டு வயதில் பிரிக்கச் சொல்கிறீர்கள்.

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். வீட்டுச் சூழல் படிவத்தை உடனடியாகத் திரும்பப் பெறுங்கள். பிற பள்ளிகள் ஏற்கெனவே நிரப்பி அனுப்பியிருந்தால் அவற்றைக் குழந்தைகளின் பதிவுகளில் சேர்க்காமல் அழித்துவிடுங்கள். தொடக்கப் பள்ளி முடியும்வரை எந்தக் குழந்தையையும் தனிப் பிரிவுக்கு அனுப்ப மாட்டோம் என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். மூன்றாம் வகுப்புத் தேர்வை நடத்தத்தான் வேண்டும் என்றால், எந்தக் குழந்தைக்கு எதைக் கற்பிக்க நாங்கள் தவறினோம் என்று அறிய மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

தனிப் பிரிவுகளுக்காக ஒதுக்கிய நிதியை, பின்தங்கிய குழந்தைகள் மிகுதியாக உள்ள வகுப்புகளில் இரண்டாவது ஆசிரியரை அமர்த்தச் செலவிடுங்கள். அனுபவம் மிக்கவர்களை முதலில் அங்கே அனுப்புங்கள். வீட்டுப்பாடத்தைப் பள்ளியிலேயே, உதவ ஓர் ஆளோடு, செய்து முடித்துவிட்டுப் போக மாலையில் ஒரு மணி நேரம் ஏற்பாடு செய்யுங்கள். பெரியவரின் உதவியோ காசு கொடுத்து வாங்கும் பொருளோ இல்லாமல் செய்ய முடியாத எந்தச் செயல்திட்டத்துக்கும் மதிப்பெண் தரக் கூடாது என்று ஆணையிடுங்கள். கண், காது பரிசோதனையை ஆண்டுத் தொடக்கத்திலேயே நடத்துங்கள். ஆசிரியர் பயிற்சியில், பல்வேறு வீடுகளில் குழந்தைகளோடு எப்படிப் பேசுகிறார்கள் என்பதைக் கற்றுக் கொடுங்கள். எனக்கு அதை ஆறு வயதுச் சிறுவன் ஒருவன்தான் கற்றுக் கொடுக்க வேண்டியிருந்தது.

இறுதியாக, இந்த ஆணையைப் பற்றி மறுபடி முடிவெடுக்கும் முன், உங்கள் கணக்குப்படி கீழ்ப் பிரிவுக்குப் போகவிருக்கும் குழந்தைகளின் பெற்றோரை அழைத்துப் பேசுங்கள். அவர்கள் கூலியை இழக்காமல் வரக்கூடிய ஒரு மாலை நேரத்தில் அந்தக் கூட்டத்தை வையுங்கள். அவர்களில் பலருக்குப் படிக்கத் தெரியாது என்பதால், அந்தப் படிவத்தை அவர்கள் முன்னிலையில், முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்வி வரை, மதிப்பெண்களோடு நீங்களே வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அந்த வேலையை அவர்களுடைய குழந்தைகளிடம் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியர்